கோட்டையில் கேட்ட மெட்டு

மலாக்காவில் வயலின் இசையை இரண்டு விதமாகக் கேட்கலாம். டொண்டாங் சாயாங் நிகழ்ச்சியில் பாடகர்கள் பந்துன்களை மாறி மாறிப் பாடும்போது, வயலின் அவர்களுடைய குரலுக்குத் துணையாக வருகிறது. கலைஞர் அதைத் தோளில் வைத்து வாசிக்கிறார். ரெபானாவும் கோங்கும் தாளம் சேர்க்கின்றன. மலாய்க்காரர், பாபா நோன்யா, செட்டி, போர்த்துகீசியர் ஆகிய நான்கு சமூகத்தாரும் பேணிவரும் இக்கலையை, யுனெஸ்கோ 2018ஆம் ஆண்டு உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

கோவில் திருவிழாவில் நடைபெறும் கர்நாடக இசைக் கச்சேரியிலும் அதே வயலின் ஒலிக்கிறது. ஆனால், இங்கே கலைஞர் மேடையில் சம்மணமிட்டு அமர்கிறார். வயலினின் ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைக் கணுக்காலிலும் சாய்த்து வாசிக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், அது ஐரோப்பாவில் பிறந்த கருவி என்று சொல்லவே முடியாது.

அயல்நாட்டுக் கருவி ஒன்று தமிழரின் கச்சேரி மேடையில் இவ்வளவு இயல்பாக அமர்ந்தது எப்படி? அயலாரின் இசையைக் கேட்பதாலும் கற்பதாலும் சொந்த இசை அழிந்துவிடுமா? இக்கேள்விகளுக்கு விடை தேடினால், ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முத்துசாமி தீட்சிதரின் குடும்பத்தில் போய் நிற்போம்.

இசைக் குடும்பம்

முத்துசாமி தீட்சிதர் 1776ஆம் ஆண்டு, சோழநாட்டின் புகழ்பெற்ற ஊராகிய திருவாரூரில் பிறந்தார். அவருடைய தந்தை இராமசாமி தீட்சிதர் சிறந்த இசைப் புலவர். இன்று கச்சேரிகளில் பெரிதும் விரும்பப்படும் ஹம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர் அவரே. தாயார் சுப்பம்மாள். நெடுநாள் குழந்தையின்றி வருந்திய பெற்றோர், வைத்தீசுவரன்கோவிலில் வேண்டிக்கொண்ட பிறகு பிறந்த மகனுக்கு அக்கோவிலின் முத்துக்குமாரசாமியின் பெயரைச் சூட்டினர். அவருக்குப் பின் சின்னசாமி, பாலுசாமி என்னும் தம்பியரும் பாலாம்பாள் என்னும் தங்கையும் பிறந்தனர்.

முத்துசாமி பிறந்து ஐந்து ஆண்டுகளில், அதாவது 1781இல், மலாக்காவில் பொய்யாத விநாயகர் கோவில் எழுந்தது. அப்போது மலாக்கா டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. சென்னை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடியில் இருந்தது. கடலின் இரு கரைகளிலும் தமிழர்கள் ஐரோப்பியரோடு பழகியும் வணிகம் செய்தும் வாழ்ந்த காலம் அது.

முத்துசாமி தந்தையிடமே இசை கற்றார். வடமொழியும் வீணையும் பயின்றார். இசைப் பயிற்சி அந்நாளில் புத்தகத்தின் வழியாக நடக்கவில்லை. ஆசிரியர் பாட, மாணவர் கேட்டுத் திரும்பப் பாட வேண்டும். மனத்தில் பதியும்வரை மீண்டும் மீண்டும் பாட வேண்டும். கேட்டதை அப்படியே மனத்தில் நிறுத்தும் பழக்கம் இப்பயிற்சியால் அவருக்கு வாய்த்தது.

மணலியும் கோட்டையும்

சென்னைக்கு வடக்கே மணலி என்னும் ஊரில் முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வர் வாழ்ந்தார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷியாகப் பணியாற்றியவர். துபாஷி என்பவர் இரண்டு மொழிகளை அறிந்து, ஆங்கிலேயருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே நின்று காரியம் முடிப்பவர். இசையில் ஆர்வம் மிக்க முதலியார், இராமசாமி தீட்சிதரை அழைத்து மணலியில் குடியமர்த்தி ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் மகன் சின்னையா முதலியாரும் அந்த ஆதரவைத் தொடர்ந்தார்.

சின்னையா முதலியார் தீட்சிதர் சகோதரர்களைச் சென்னையிலுள்ள செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் செல்வார். அங்கே ஆங்கிலேயரின் பேண்டு இசை நடைபெறும். ஊதுகருவிகளும் முரசுகளும் ஒன்றாக முழங்கும். நடனத்திற்கு உரிய துள்ளலான மெட்டுகளும், அரசரை வாழ்த்தும் கம்பீரமான மெட்டும் அங்கே ஒலித்தன. திருவாரூர்க் கோவிலின் நாகசுர இசையைக் கேட்டு வளர்ந்த இளைஞர்களுக்கு இது முற்றிலும் புதிய அனுபவம்.

அவர்கள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அதே நேரத்தில், கேட்டதையெல்லாம் வியந்து பின்பற்றவும் இல்லை. அண்ணனும் தம்பியும் அந்த இசையிலிருந்து ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டனர். முத்துசாமி மெட்டுகளை எடுத்துக்கொண்டார். பாலுசாமி வயலினை எடுத்துக்கொண்டார்.

தம்பியின் வயலின்

பாலுசாமிக்கு வயலின் மீது இருந்த ஈடுபாட்டைக் கண்ட முதலியார், ஓர் ஐரோப்பியக் கலைஞரை அமர்த்தி அவருக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பாலுசாமி மூன்று ஆண்டுகள் பயின்றார். பிறகு அக்கருவியில் கர்நாடக இசையை வாசிக்கத் தொடங்கினார். கர்நாடக இசைக்கு வயலினை முதலில் கொண்டுவந்தவர் என்று இசை மரபு அவரையே போற்றுகிறது.

கர்நாடக இசையில் ஒரு சுரத்தை நேராக ஒலிப்பது மட்டும் போதாது. அதை அசைக்க வேண்டும், வளைக்க வேண்டும், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல வேண்டும். இதற்குக் கமகம் என்று பெயர். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலிதான் உண்டு. இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள ஒலியை அதில் எழுப்ப முடியாது. வயலினின் கழுத்திலோ தடுப்புகள் இல்லை. விரல் எங்கே வேண்டுமானாலும் நகரலாம். அதனால் மனிதக் குரல் செல்லும் இடமெல்லாம் வயலினும் செல்ல முடிந்தது.

எனினும், கருவியை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கர்நாடக இசையில் அதன் தந்திகளுக்குப் புதிய சுருதி அமைந்தது. நான்கு தந்திகளும் ச, ப, ச, ப என்று பாடகரின் குரலுக்கு ஏற்றவாறு கூட்டப்பட்டன. நின்று வாசிக்கும் வழக்கம் மாறி, தரையில் அமர்ந்து வாசிக்கும் முறை நிலைத்தது. கணுக்காலில் சாய்த்ததால் இடக்கை கருவியைத் தாங்க வேண்டிய தேவை குறைந்து, கமகத்திற்காகத் தாராளமாக நகர முடிந்தது. கருவி ஐரோப்பாவிலிருந்து வந்தது. வாசிக்கும் முறை இந்த மண்ணில் உருவானது.

காசிப் பயணம்

முத்துசாமியின் வாழ்க்கை வேறொரு திசையில் திரும்பியது. சிதம்பரநாத யோகி என்னும் துறவி மணலிக்கு வந்தார். அவர் முத்துசாமியைத் தம்முடன் காசிக்கு அழைத்துச் சென்றார். குருவோடு சில ஆண்டுகள் கங்கைக் கரையில் தங்கிய முத்துசாமி, வட இந்திய இசையை நேரில் கேட்டார். நிதானமாக, ஒவ்வொரு சுரத்திலும் நின்று, இராகத்தை மெல்ல மெல்ல விரிக்கும் பாடல் முறை அவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

குரு மறைந்த பின்னர் முத்துசாமி தெற்கே திரும்பினார். முருகன் திருத்தலமாகிய திருத்தணிக்குச் சென்றபோது, முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டு இட்டு மறைந்தார் என்றும், அப்போதே அவருடைய முதல் கீர்த்தனை பிறந்தது என்றும் மரபுவழிக் கதை கூறுகிறது. அன்று முதல் முருகனைக் குறிக்கும் குருகுஹ என்னும் சொல்லைத் தம் பாடல்களில் முத்திரையாக அமைத்தார்.

அவர் காஞ்சிபுரத்தில் சில காலம் வாழ்ந்தார். பிறகு திருவாரூருக்குத் திரும்பினார். சென்ற ஊர்களிலெல்லாம் அங்குள்ள கோவிலைப் பற்றிப் பாடினார். அவருடைய கீர்த்தனைகள் 400க்கும் மேற்பட்டவை. பெரும்பாலானவை வடமொழியில் அமைந்தவை. திருவாரூர்க் கமலாம்பாள் மீது பாடிய நவாவரணக் கீர்த்தனைகளும், கோள்களைப் பற்றிய நவக்கிரகக் கீர்த்தனைகளும் இன்றும் இசை மாணவர்களுக்குப் பெரும் பாடங்களாக விளங்குகின்றன. நிதானமான நடையும் ஆழமும் அவற்றின் தனித்தன்மை. வடக்கே கேட்ட இராகங்கள் சிலவற்றையும் அவர் தம் பாடல்களில் கையாண்டார். திருவாரூரில் பிறந்த தியாகராசர், சியாமா சாஸ்திரி ஆகியோருடன் அவரும் சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகப் போற்றப்படுகிறார்.

நோட்டுசுரப் பாடல்கள்

இத்தனை பெரிய கீர்த்தனைகளுக்கு நடுவே, ஏறத்தாழ 40 சின்னஞ்சிறு பாடல்களும் அவர் பெயரில் வழங்குகின்றன. அவற்றுக்கு நோட்டுசுரப் பாடல்கள் என்று பெயர். இசைக் குறிப்பைச் சுட்டும் நோட் என்ற ஆங்கிலச் சொல்லே நோட்டு என்று மாறியது. கோட்டைப் பேண்டு வாசித்தவை போன்ற மேலைநாட்டு மெட்டுகளுக்குத் தீட்சிதர் வடமொழிச் சொற்களை அமைத்ததால் இப்பாடல்கள் பிறந்தன.

இவை அனைத்தும் சங்கராபரண இராகத்தின் சுரங்களில் அமைந்தவை. அதற்குக் காரணம் உண்டு. மேலை இசையில் பெரிதும் வழங்கும் மேஜர் என்னும் சுர வரிசையின் ஏழு சுரங்களும் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. வேறு வேறு நாடுகளில் வளர்ந்த இரண்டு இசைகள் கைகுலுக்கக்கூடிய இடம் இது என்பதைத் தீட்சிதரின் காது கண்டுகொண்டது.

அந்தப் பாடல்களுள் ஒன்று சந்ததம் பாஹிமாம். அதன் மெட்டு ஆங்கிலேய அரசரை வாழ்த்தும் நாட்டுப்பண்ணின் மெட்டு. மும்மூன்றாக எண்ணும் அதே தாள நடையும் மாறவில்லை. ஆனால், சொற்கள் அரசரைப் பாடவில்லை. இசைக்குத் தலைவியாகிய சியாமளா தேவியைக் காக்குமாறு வேண்டுகின்றன. இசை தெரியாத ஒருவர் சற்றுத் தொலைவில் நின்று கேட்டால், ஆங்கிலேயரின் பண் என்றே நினைப்பார். அருகில் வந்து சொற்களைக் கேட்டால், அது கோவில் வாசலில் பாடக்கூடிய பாட்டு என்று அறிவார்.

தீட்சிதர் எவற்றை எடுத்தார், எவற்றை விட்டார் என்பதையும் கவனிக்க வேண்டும். மேலை இசையில் பல சுரங்கள் ஒரே நேரத்தில் இணைந்து ஒலிக்கும். கர்நாடக இசை ஒரே இழையாக நீண்டு செல்லும். தீட்சிதர் மெட்டின் இழையை மட்டும் எடுத்துக்கொண்டார். சேர்ந்து ஒலிக்கும் மற்றச் சுரங்களை விட்டுவிட்டார். மறுபக்கம், மேலை மெட்டின் நேரான போக்கைக் கெடுக்காமல் இருப்பதற்காகக் கமகத்தை அதன்மீது ஏற்றவில்லை. விருந்தாளியாக வந்த மெட்டுக்கு அதன் இயல்பிலேயே இடம் கொடுத்தார்.

தம்முடைய பெரிய கீர்த்தனைகளின் அமைப்பை அவர் இதற்காக மாற்றவில்லை. கமலாம்பாள் கீர்த்தனைகளில் பேண்டு இசையின் சாயலைக் காண முடியாது. எந்த இசையை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. கமகமின்றி எளிதாகப் பாட முடிவதால், நோட்டுசுரப் பாடல்கள் இசையைத் தொடங்கும் சிறுவர்களுக்கு நல்ல பயிற்சியாக அமைகின்றன. கோட்டையில் படைவீரர்களுக்காக முழங்கிய மெட்டு, இன்று குழந்தைகளின் வாயில் மழலையாக ஒலிக்கிறது.

எட்டயபுரத்தில் இறுதி நாள்கள்

புகழ் இருந்தும் தீட்சிதரிடம் செல்வம் சேரவில்லை. அவர் பொருளுக்காக மனிதர்களைப் புகழ்ந்து பாடுவதைத் தவிர்த்து, எளிய வாழ்க்கை வாழ்ந்தார். அவரிடம் பயின்றவர்களுள் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் புகழ்பெற்றவர்கள். அவர்களுள் வடிவேலு வயலினில் தேர்ச்சி பெற்று, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அரசவையை அணி செய்தார். பாலுசாமி தொடங்கி வைத்த வயலின், இவ்வாறு தெற்கிலும் பரவியது.

இதற்கிடையே குடும்பத்தில் துயரம் நேர்ந்தது. தம்பி சின்னசாமி மதுரையில் காலமானார். பாலுசாமி தனியராக ஊர் ஊராகச் சென்றார். தம்பி எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் முத்துசாமி அவரைத் தேடிப் புறப்பட்டார். எட்டயபுரம் மன்னரின் ஆதரவில் பாலுசாமி இருப்பதை அறிந்து, அங்குச் சென்று சேர்ந்தார். அவர் சென்ற வழியில் வறண்ட நிலத்தைக் கண்டு மனமுருகி அமிர்தவர்ஷினி இராகத்தில் பாட, மழை பெய்தது என்னும் கதை இன்றும் மக்களிடையே வழங்குகிறது.

1835ஆம் ஆண்டு தீபாவளி நாளன்று, மாணவர்கள் மீனாட்சியம்மன் கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருந்தபோது, முத்துசாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் காலமானார். அவருடைய நினைவிடம் அங்கேயே உள்ளது. 47 ஆண்டுகள் கழித்து அதே ஊரில்தான் பாரதியார் பிறந்தார்.

பாடல்கள் பிழைத்த கதை

தீட்சிதரின் பாடல்கள் ஏட்டைவிட மாணவர்களின் நினைவிலேயே பெரிதும் வாழ்ந்தன. பாடுபவர் மறைந்தால் பாட்டும் மறைந்துவிடும் அபாயம் இருந்தது. அதைத் தடுத்தவர் பாலுசாமியின் மகள்வயிற்றுப் பேரனும் வளர்ப்பு மகனுமாகிய சுப்பராம தீட்சிதர்.

அவரை இப்பணிக்குத் தூண்டியவர்களுள் ஒருவர் சின்னசாமி முதலியார். அவர் கிறித்தவர், மேலை இசையையும் அறிந்தவர். ஐரோப்பியர் ஐந்து கோடுகளில் இசையை எழுதும் முறையைக் கொண்டு, கர்நாடகப் பாடல்களை 1890களில் எழுதி வெளியிட்டார். முத்துசாமி ஐரோப்பிய மெட்டுக்குத் தம் மொழியைக் கொடுத்தார். சின்னசாமி முதலியாரோ தம் நாட்டுப் பாடலுக்கு ஐரோப்பிய எழுத்தைக் கொடுத்தார். இரண்டு வழிகளிலும் பயன் விளைந்தது.

சுப்பராம தீட்சிதர் எட்டயபுரம் அரசரின் உதவியுடன் 1904ஆம் ஆண்டு சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலை வெளியிட்டார். முத்துசாமி தீட்சிதரின் 200க்கும் மேற்பட்ட பாடல்கள் அதில் சுரக் குறிப்புகளோடு இடம்பெற்றன. அடுத்த ஆண்டு, தொடக்க நிலை மாணவர்களுக்காக அவர் வெளியிட்ட நூலில் நோட்டுசுரப் பாடல்களும் இடம்பெற்றன. ஒரு குடும்பத்தின் நினைவில் இருந்த செல்வம் எல்லாருக்கும் உரியதாயிற்று.

மற்ற நாட்டிலும் அதே கேள்வி

அயல் இசையை எவ்வாறு ஏற்பது என்னும் கேள்வி தமிழருக்கு மட்டும் உரியதன்று. தீட்சிதர் மறைந்து ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின் சீன இசைக் கலைஞர்களும் இதே கேள்வியைச் சந்தித்தனர். அமெரிக்காவில் கல்வி கற்ற சாவ் யுவான் ரென், ஹுவாங் ட்சு போன்றோர், சீனக் கவிதைகளுக்குப் பியானோ துணையுடன் இசை அமைத்தனர். இவை சீனக் கலைப்பாடல்கள் எனப்படுகின்றன. சாவ் யுவான் ரென் மொழியியல் அறிஞரும் ஆவார். சீன மொழியில் ஒரு சொல்லின் ஒலி ஏறுவதாலும் இறங்குவதாலும் பொருள் மாறும். ஆகவே, மெட்டு அமைக்கும்போது சொல்லின் இயல்பான ஏற்ற இறக்கத்தையும் அவர் கருத்தில் கொண்டார். லியு பான்னோங் எழுதிய கவிதைக்கு 1926இல் அவர் அமைத்த இசை இன்றும் புகழ்பெற்றது. அதில் பீக்கிங் இசை நாடகத்தின் சாயலும் கலந்திருக்கிறது.

சீனக் கலைஞர்கள் தீட்சிதர் விட்டுவிட்ட கூட்டொலியை எடுத்துக்கொண்டார்கள். தீட்சிதரோ அயல் மெட்டையே எடுத்துக்கொண்டார். வழிகள் வேறு. ஆனால், இரு சாராரும் தங்கள் சொந்த இசையை நன்கு அறிந்த பிறகே அயல் இசையைத் தொட்டனர். எதை எடுத்தால் தம் மொழியும் இசையும் வளரும், எதை விட்டால் நட்டமில்லை என்று அவர்களால் முடிவு செய்ய முடிந்ததற்கு அதுவே காரணம்.

மலாக்காவில் கோவில் பூசையும் மலாய் மொழியும் செட்டி சமூகத்தாரின் வாழ்வில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தோட்டங்களிலிருந்து பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், பள்ளியில் மலாய்ப் பாடலையும் ஆங்கிலப் பாடலையும் பாடுகின்றனர். நண்பர்களின் சீனப் பாடலையும் கேட்கின்றனர். இதனால் தமிழிசை மறைந்துவிடுமோ என்று அஞ்சுவோர் உள்ளனர். அந்த அச்சத்திற்குத் தீட்சிதரின் வாழ்க்கை தக்க விடை தருகிறது. அவர் கோட்டைக்குப் போகும் முன்பே வீட்டில் தந்தையிடம் பாடம் கேட்டிருந்தார். வேர் ஊன்றியிருந்ததால், வெளியிலிருந்து வீசிய காற்று அவரைச் சாய்க்கவில்லை. அந்தக் காற்றில் அவர் தழைத்தார்.